பாராடாங்கில் பிறக்காத கல்

என் உயிரான அன்வர் மச்சானுக்கு,

உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. மெட்ராஸில் உங்களோடு பாறைப் படிப்பு படித்த சிநேகிதர் எழுதியது, போன வாரக் கப்பலில் வந்தது. நீங்கள் மௌத்தானது அவருக்குத் தெரியாது. நலம் விசாரித்து, எப்போது ஊர்ப்பக்கம் வருவாய் என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் என்ன பதில் எழுதுவது?

மற்றதெல்லாம் அந்தக் கல்லைப் பற்றித்தான். பெருநாள் சாப்பாட்டுக்கு நீங்களும் தங்கச்சி மைமூனும் வந்தபோது நான் தந்தேனே, அந்த ரோஜா நிறக் கல். கிரானைட் ஒரு துண்டுகூட இந்த அந்தமான் தீவுகளில் கிடையாது என்று நீங்கள் அடித்துச் சொல்வீர்கள். என் கடைக்கு அரிசி வாங்க வரும் ராஞ்சிக்காரன் புத்வா அந்தக் கல்லைக் கொண்டுவந்து போட்டிருந்தான். வடக்கே பாராடாங் தீவிலிருந்து வந்த கையோடு கடையில் நுழைந்தவன் அவன். அதை வைத்து நானாகவே, "பாராடாங் கல்லு மச்சான். இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன். உங்களை மடக்கிவிட்ட சந்தோஷம் எனக்கு. நீங்கள் சோற்றுக் கையோடு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

அப்புறம் மூன்று தடவை பாராடாங்குக்குப் போனீர்கள். மூன்றாம் தடவை காய்ச்சலோடு திரும்பினீர்கள். நாலாம் நாள் நீங்கள் இல்லை.

கடிதத்தை ஐந்து தடவை வாசித்துவிட்டேன், மச்சான். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இரண்டு நிலங்கள் முட்டினால் நிலம் மடங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தடிக்குமாம். அடியில் புதைந்த பாறைக்குள் மெல்ல மெல்லச் சூடு சேர்ந்து, கோடி வருஷக் கணக்கில் பொறுத்து அது உருகுமாம். அந்தக் குழம்பு மேலேறி, வெளியே வராமல் ஆழத்திலேயே ஆறி இறுகினால் கிரானைட். அதற்கும் பிறகு, நெருக்கிய வேகம் அடங்கி நிலம் தளர்ந்து விரியும்போது, இன்னும் கீழே கிடக்கிற சூடான பாறை மேலே நகருமாம். மேலே அழுத்தும் பாரம் குறைவதாலேயே அதில் கொஞ்சம் உருகும். கொஞ்சமாக உருகுவதால் சோடியமும் பொட்டாசியமும் அதில் கூடிப்போகும். அது ஆறினாலும் ஒரு வகைக் கிரானைட் வருமாம். அந்தக் குழம்பைத்தான் காரக்குழம்பு என்று எழுதியிருக்கிறார். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் வீட்டில் உட்கார்ந்து சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அந்த ரோஜா நிறக் கல்லிலிருந்து நீங்கள் அவருக்கு வெட்டி அனுப்பிய துண்டில் இருந்த நீலக்கறுப்பு ஊசிகள் அந்தச் சோடியத்தின் அடையாளமாம். மோதல் ஓய்ந்த இடத்துக் கல் அது. அந்தமானிலோ கடலடித் தரை இன்னும் தீவுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது, அங்கே இது எப்படிப் பிறக்கும் என்று கேட்கிறார். பழைய கப்பல்கள் ஆடாமலிருக்க அடிப்பாரமாக ஏற்றிவந்து கரையில் கொட்டிய கல்லாக இருக்கலாமாம்.

அன்றே கடையைச் சாத்திவிட்டு, சாத்தம் படகுத்துறையில் சுமை தூக்கிக்கொண்டிருந்த புத்வாவைப் பிடித்தேன். அவனிடம் இரண்டு கல் இருந்ததாம். பாராடாங் ஓடையில் பொறுக்கியது ஒன்று, சாத்தம் கரையில் கிடந்தது ஒன்று. "கோன்சா தியா, யாத் நஹீ பாய்" என்றான். எதை எனக்குத் தந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

என் வாய்ச்சொல்தான் உங்களைக் கொண்டுபோனது என்று முடிவு கட்டிவிட்டேன். மைமூனிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

நேற்று உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. வந்தவர்கள் நெய்ச்சோறு சாப்பிட்டுப் போனபின், உங்கள் மரைன் ஹில் வீட்டில் நானும் தங்கச்சியும் மட்டும் இருந்தோம். உங்கள் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மூன்றாம் பயணத்துக்கு முந்தின நாள் எழுதிய பக்கம். "மச்சான் தந்த கல் இத்தீவுக்கு உரியதல்ல. சொன்னால் வருந்துவார்" என்று இருந்தது. அதன் கீழே, பாராடாங் மணற்கல்லில் உள்ள மணல் எங்கோ தூரத்துக் கிரானைட் மலைகள் உதிர்ந்து வந்ததா என்று பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அப்படியென்றால் எதற்காகப் போனீர்கள்? மணலுக்காகவா? அல்லது என் கல்லுக்கு ஒரு சொந்த இடம் கிடைத்துவிடாதா என்று இன்னொரு தடவை பார்க்கவா? தெரிந்த பிறகும் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்தீர்களே, ஏன் ஒன்றும் சொல்லவில்லை? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, மச்சான்.

மைமூனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விசாரிக்காமல் நான் விட்ட ஒரு சொல்லால்தான் எல்லாம் என்றேன். அவள் குறிப்பேட்டை மூடினாள்.

"நீங்க சொல்லாட்டியும் அவங்க போயிருப்பாங்க காக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

அவள் சொன்ன இரண்டில் எதை நான் பிடித்துக்கொள்வது? இரண்டுமே உண்மையாகத்தான் தோன்றுகிறது.

நீங்கள் கடைசியாகக் கொண்டுவந்த மணற்கல் ஒரு பை நிறைய அப்படியே இருக்கிறது. அடுத்த கப்பலில் அதையும் குறிப்பேட்டையும் மெட்ராஸுக்கு நானே எடுத்துப்போகிறேன். நீங்கள் போய்விட்ட செய்தியையும் உங்கள் சிநேகிதரிடம் நேரில்தான் சொல்வேன். அந்த மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று அவரைக் கேட்பேன். தெரியாது என்று அவர் சொன்னால், தெரியாது என்பதையே உங்கள் கபுரடிக்கு வந்து சொல்வேன். நானாக ஒரு ஊரின் பெயரைச் சேர்த்துச் சொல்லமாட்டேன்.

உங்கள் மைமூனின் அண்ணன்,
என்றைக்கும் உங்கள் மச்சான்,
யூசுப்