பேர் எழுதாத வட்டம்

நம்மட மகள் இர்ஷானாட வாப்பாவுக்கு ஸலாம். முதுகு நோவு எப்படி? நான் அல்லாஹ்ட கிருபையால் சுகம். கண்டிக் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்று கெம்பஸில் என்ட ஆய்வைப் பார்க்கிற மிஸ்ஸின் அறையில் மிஸ், கூடப் படிக்கிற தக்ஷாயினி, நான் மூன்று பேரும் இருந்தோம். ஆய்வு தொடங்க முன்னம் கருத்து வரைபடம் கீற வேணுமாம். நடுவில் ‘எங்கட தெருக் கிணறுகள் ஏன் உவர்க்குது?’ என்று எழுதி, சுற்றிவரக் காரணங்களை வட்டம் போட்டுக் கோடு இழுத்தேன். மழையில்லாததால் என்றால் அடுத்த தெருவும் உவர்க்க வேணுமே. கடைசியில் எல்லாக் கோடும் ஒரு வெறும் வட்டத்தில் போய் முட்டிச்சு.

“இந்தப் பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கலையா?” என்று தக்ஷாயினி சிரித்தாள். மிஸ் சிரிக்கவில்லை. “பேரை எழுதிக்கொண்டு வாங்க” என்றார்.

அந்த வெறும் வட்டம், உப்புத் தண்ணி தேக்கி வைக்கிற நம்மட இறால் பண்ணைதான், மச்சான். அதில் வாற காசிலதான் நான் இங்க படிக்கிறன். ஆனா ஒரு சதம் காசு கணக்குப் பிழைத்தாலும் எனக்கு நித்திரை வராது. இப்ப தொழுகையிலும் மனம் ஒன்றவில்லை. கிணறு உவர்த்துப்போன நம்மட தெரு நபீஸா மாமி இன்னும் பள்ளிவாசல் குழாயிலதான் தண்ணி அள்ளுறாவா?

ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை ஊருக்கு வாற ஸாஹிர் தம்பியிடம் குடுத்தனுப்புறன். அவர் திரும்பி வரக்குள்ள என்ட கம்பளியைக் குடுத்துவிடுங்க. பண்ணைப் பேரை எழுதவா, வேணாமா? கெதியா பதில் தாங்க.

ஸாதியா