கதவுக்குப் பின்னால் வெங்காயம் உரித்தவருக்கு

போன சனிக்கிழமை, வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலையாகப் பீளமேட்டில் ஒரு சந்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஆசிரியர்களுக்கு விடுமுறை நாளில் வந்து சேரும் வேலைகள் உங்களுக்குத் தெரியாததில்லை. பதினோராவது வீடோ பன்னிரண்டாவதோ, கதவைத் தட்டினேன். உள்ளே சின்ன வெங்காயம் வதங்கும் வாசனை. "யாருங்க அது?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அதற்கு முன் தட்டிய வீடுகளிலும் இதையேதான் கேட்டார்கள். ஆனால் அவற்றில் இருந்தது கேள்வியில்லை, சலிப்பு. இந்தக் குரலுக்கு மட்டும் வெளியே நிற்பது யாரென்று உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். மறுபடியும் கேட்டார். "ஸ்கூல் டீச்சருங்க" என்றேன். அன்று முழுக்க நீங்கள்தான் என் கூடவே வந்தீர்கள்.

நீங்கள் அறிவியல் ஆசிரியையாக எங்கள் சிங்காநல்லூர்ப் பள்ளிக்கு வந்தபோது நான் அங்கே கணக்கு எடுக்கத் தொடங்கிப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. என் வகுப்பில் ஒரு சின்னச் சத்தம்கூட இருக்காது. அதைப் பெரிய தகுதியாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். உங்கள் வகுப்பு அடுத்த அறை. நடுவில் இருந்தது பாதி உயரத் தடுப்புச் சுவர்தான். நீங்கள் வந்த இரண்டாவது வாரம், மதியம் முதல் பீரியடில், அந்தப் பக்கமிருந்து யாரோ ஒரு பிள்ளை "ஒண்ணு" என்றது. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு மூலையிலிருந்து "ரெண்டு." இப்படியே ஏழு வரை போய், திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் "ஒண்ணு." பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் பிள்ளைகளுக்கு நாலு கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, உங்களிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று வந்தேன்.

வாசலில் நின்று பார்த்தால் நாற்பது பிள்ளைகளும் கண்ணை மூடியிருந்தார்கள். நீங்களும் அவர்கள் நடுவே தரையில் கண்மூடி உட்கார்ந்திருந்தீர்கள். யார் வேண்டுமானாலும் அடுத்த எண்ணைச் சொல்லலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை இல்லை, ஜாடை இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிமூன்றில் ஒரு முறை மோதிக்கொண்டார்கள். சண்டைக்கு வந்த நான் அங்கேயே நின்றேன். பதினேழு வந்தபோது நிலைக்கதவைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். இருபது வந்தது. யாரும் கத்தவில்லை, கைதட்டவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தார்கள்.

நீங்களும் திறந்தீர்கள். "ஏனுங்க டீச்சர், சத்தமா இருக்குதுங்களா?"

"இல்லீங்க... இருபது வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அன்று ஆசிரியர் அறையில், இதற்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "தான் பேசறதுக்கு முன்னால அடுத்தவங்கள ஒரு நிமிசம் கேக்கோணுமில்லீங்க. அது பழகிட்டா அப்பறம் பாடம் சுலுவுங்க" என்றீர்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டபோது சிரித்தபடி அந்தக் கதையைச் சொன்னீர்கள். உங்கள் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸுக்குப் போடும் நாடகத்தில் பன்னிரண்டு வருடமாக நீங்கள்தான் சத்திரக்காரி. பிள்ளை பெற இடம் தேடி வரும் மாதாவும் அவர் கணவரும் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு "யாருங்க அது?" என்று கேட்க வேண்டும். உங்களுக்கு இருந்த முக்கியமான வசனம் அது ஒன்றுதான்.

"வெளிய நிக்கறது யாருன்னு அத்தன சனத்துக்கும் தெரியுமுங்க. எனக்குந் தெரியும். தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சா பொய்யாப் போயிரும். அதனால கதவுக்குப் பின்னால நெசமாவே ஒரு மொறம் வெங்காயத்த வெச்சு உரிக்க ஆரம்பிச்சுருவேன். கண்ணெரிச்சல்ல நாடகமே மறந்துபோயிரும். அப்பத்தான் தட்டுவாங்க. கேள்வி தானா வந்துருமுங்க."

நானும் சிரித்தேன். ஆனால் அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். நாடகம் நாடகம், கணக்கு கணக்கு.

அடுத்த பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. கடைசிப் பீரியடில் நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் வகுப்பைக் கடந்துபோனேன். உள்ளே ஒரு நடிப்புப் பயிற்சி. எட்டாம் வகுப்பு ரிஸ்வானா, ஆசிரியராக நடித்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் செருகியிருந்தாள். இல்லாத மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினாள். அந்த ஒரு அசைவிலேயே அது நான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மைனஸ் இன்டூ மைனஸ்?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் கரும்பலகைப் பக்கம் திரும்பி "ப்ளஸ்" என்று தானே எழுதினாள். மறுபடி ஒரு கேள்வி, மறுபடி திரும்பினாள், எழுதினாள். மாணவனாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் கையைப் பாதி தூக்குவதும், அவள் முதுகைப் பார்த்ததும் இறக்குவதுமாக இருந்தான். வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள்.

மூன்று வாரம் நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள் வந்தால் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனேன். ஒருநாள் நீங்கள் என் மேசைக்கே வந்து நின்று, "மனசு நோகப் பண்ணிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்றீர்கள்.

"பெரியவங்களக் கேலி பண்ணக் கத்துக்குடுக்கறதுதான் உங்க அறிவியலுங்களா?" என்றேன். அறையில் இருந்த எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன்.

நீங்கள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ செஞ்சதுல பொய் எதாச்சும் இருந்துச்சுங்களா?" என்றீர்கள். குத்திக்காட்டவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடமிருந்து பதில் தெரிய வேண்டும் என்பதுபோல நின்றீர்கள். பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மறுநாள் எட்டாம் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். "மைனஸ் இன்டூ மைனஸ்?" கேட்டுவிட்டுத் திரும்பாமல் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். ஆனால் அந்தச் சில நொடிகள் எவ்வளவு நீளமாக இருந்தன! கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்தது. எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து முதல் பெஞ்சுப் பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கடைசியில் ரிஸ்வானாதான் எழுந்தாள்.

"ப்ளஸ், டீச்சர்."

"ஏன்?"

"நீங்கதான் டீச்சர் சொன்னீங்க."

அவள் குறும்புக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னாள். பதினேழு வருடமாக நான் சொல்லிக்கொடுத்த காரணமும் அது ஒன்றுதான் என்று அப்போது புரிந்தது. சாயங்காலம் நானாக உங்களிடம் வந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "இதுக்கு நான் என்ன பண்ணோணுமுங்க?" என்றுதான் கேட்டேன். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் நீளமாக ஒரு கோடு போட்டீர்கள். நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் ப்ளஸ் எண்கள், இடப்பக்கம் மைனஸ். விதியை நாம் சேர்ந்தே யோசித்தோம். பெருக்கலில் முதல் எண் மைனஸ் என்றால் இடப்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இரண்டாவது எண் மைனஸ் என்றால் நிற்கும் திசையை மாற்றாமல் பின்னோக்கி நடக்க வேண்டும்.

"நீங்க டீச்சரா வராதீங்க. வழி தெரியாத ஆளா வாங்க. புள்ளைங்க வழி சொல்லட்டும்" என்றீர்கள்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராதுங்க."

"நடிக்கவே வேண்டாமுங்க. நெசமாவே தெரியாமப் பண்ணிப்போடலாம்." சொல்லிக்கொண்டே ரிஸ்வானாவின் துப்பட்டாவை வாங்கி என் கண்ணைக் கட்டிவிட்டீர்கள். பிடித்துச் சுற்றியும் விட்டீர்கள். பிறகு பூஜ்யத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று. பிள்ளைகள் படித்தார்கள். "திரும்புங்க டீச்சர்! இன்னும், இன்னும்... அவ்வளவுதான்." "இப்பப் பின்னால நடங்க. ரெண்டு ரெண்டு எட்டா மூணு தடவ." பின்னோக்கி நடந்தேன். செருப்புக்கடியில் மண் நறநறவென்றது. விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆறு எட்டு வைத்து நின்று, "எங்கடா நிக்கறேன்?" என்றேன்.

பதில் தெரியாமல் நான் பிள்ளைகளிடம் கேட்ட முதல் கேள்வி அது. ரிஸ்வானாவின் குரல், அவளே ஆச்சரியப்பட்டதுபோல மெதுவாக வந்தது. "டீச்சர்... ப்ளஸ் பக்கம் வந்துட்டீங்க. ஆறுல நிக்கறீங்க. திரும்பி நின்னு பின்னால நடந்தா இந்தப் பக்கந்தான வர முடியும்!"

கண்கட்டை அவிழ்த்தபோது வெளிச்சத்தில் கண் கூசியது. நீங்கள் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று வேறெங்கோ பார்ப்பதுபோல இருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது இரண்டு வருடம். எல்லாம் பலிக்கவில்லை. பின்னங்களுக்காக நாம் போட்ட சந்தைக்கடை நாடகம் அடிதடியில் முடிந்தது. போர்ஷன் முடியவில்லை என்று தலைமையாசிரியர் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். ஏன் சில பயிற்சிகள் ஒரு வகுப்பில் உயிரோடு இருக்கின்றன, அதே பயிற்சி பக்கத்து வகுப்பில் ஏன் செத்துப்போகிறது என்று நாம் பேசிப் பேசித் தீரவில்லை. எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஜூனில் உங்களுக்கு நோய் என்று தெரிந்தது. அக்டோபரில் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பாதியாகியிருந்தீர்கள். ஒரு நர்ஸ் வந்து, "வலி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டபடியே சார்ட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். "சிஸ்டரும் போர்டப் பாத்துட்டேதான் கேக்கறாங்க." இருவரும் சிரித்தோம். சிரிப்பு உங்களுக்கு வலித்தது. பிறகு, "எட்டாம் வகுப்புல இப்ப என்ன நடக்குதுங்க?" என்றீர்கள். அப்படியொரு நிலையில் இருப்பவர் மரியாதைக்காகக் கேட்கிறார் என்று நினைத்துச் சுருக்கமாகச் சொன்னேன். நீங்கள் விடவில்லை. யார் என்ன சொன்னார்கள், அதற்கு யார் சிரித்தார்கள், நான் எங்கே நின்றேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். முக்கால் மணி நேரம் சொன்னேன். நவம்பரில் உங்களை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு ரிஸ்வானா தன் அம்மாவோடு வந்திருந்தாள்.

உங்களிடம் கேட்காமல் விட்ட ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நோட்டுக்கட்டோடு அந்த வழியாகத்தான் நான் போவேன் என்பது பள்ளிக்கே தெரியும். அன்றைக்கு அந்தப் பயிற்சியை நீங்கள் வைத்தது தற்செயலா? முன்பெல்லாம், வேண்டுமென்றே செய்திருந்தால் கோபப்பட வேண்டுமே என்று நினைப்பேன். இப்போது தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான் இருக்கிறது.

இந்த வருடம் ஏழாம் வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். கோடு போட்டு முடித்ததும் மோனிகா என்றொரு பெண் பூஜ்யத்தில் போய் நின்றாள். அந்தப் பக்கம் திரும்பினாள், இந்தப் பக்கம் திரும்பினாள். "டீச்சர், இன்னும் எந்த நம்பரும் சொல்லலியே. சும்மா பூஜ்யத்துல நிக்கறப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்கோணும்?" என்று கேட்டாள்.

நம் விதியில் அதற்கு இடமே இல்லை. நாம் இருவரும் அதை யோசித்ததே இல்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். பழைய நான் அதைத்தான் செய்திருப்பேன்.

"தெரியல கண்ணு" என்றேன். "நீ என்ன நெனைக்கற?"

அவள் கீழே வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு யோசித்தாள். மற்றப் பிள்ளைகளும் கோட்டுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பீரியட் முடிய அதிக நேரமில்லை. எனக்கு அவசரம் எதுவும் தோன்றவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசையாக இருந்தது.