கதையில் வந்த பிள்ளை

நோர்பரி
4 நவம்பர் 2024

அன்புள்ள அபிஷன் அண்ணை,

அம்மா என் போனைப் பார்க்கிறா என்பதால் கடிதமாக எழுதுகிறேன். நடப்பதை ஒளிக்காமல், கூட்டாமல் எழுதுவேன்.

பெர்னடெற் அண்ணி தன் சின்ன வயதைப் பற்றி எழுதிய பக்கங்களை, எழுதியவர் பெயர் சொல்லாமல், அம்மா மீன் வெட்டும்போது தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். தாய் ஆஸ்பத்திரியில் துப்புரவு ஷிப்டுக்குப் போக, பிள்ளை நூலகம் மூடும்வரை அங்கேயே இருக்கும் இடத்தில் அம்மா கத்தியை வைத்துவிட்டா.

"பாவம், பசியோட இருந்திருக்கும். ஊரில எந்தப் பக்கமாம் அதுகள்?"

அண்ணி எந்த இடத்திலும் நிறத்தை எழுதவில்லை. நானும் பதில் சொல்லவில்லை.

உங்கள் தங்கை
விதுஷா

கிங்ஸ்பரி
9 நவம்பர்

அன்பு விது,

இவ்வளவு சின்னக் கடிதம் எனக்குக் காணாது. நீ சொல்லாமல் விட்டதும் ஒளிப்புத்தான். கறுப்பினப் பெண்ணைக் கட்டப்போறன் என்று நான் சொன்ன அன்று போனை வைத்த அம்மா, இரண்டு வருஷமாக எடுக்கவில்லை. எழுதியது ஆரென்று அவவிடம் சொல்லு. அம்மா சம்மதித்தால் 24ஆம் திகதி, ஞாயிறு நாலரைக்கு வாறம். பெர்னடெற் சேலை கட்டிப் பழகுறா. நான் சிரித்தால் சேலைக்குக் குத்தும் ஊசியைக் காட்டுறா.

அபிஷன்

நோர்பரி
16 நவம்பர்

அன்புள்ள அண்ணை,

சொல்லிவிட்டேன். அம்மா கை துடைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தா. பிறகு, "மிச்சத்தையும் வாசி" என்றா. முடியும்வரை கேட்டா.

"அந்தப் பிள்ளை உறைப்புச் சாப்பிடுமோ?"

"உங்கட மகனைவிடச் சாப்பிடுவா."

"சரி, வரச்சொல்லு."

விதுஷா

கிங்ஸ்பரி
26 நவம்பர்

அன்பு விது,

மூன்று தரம் மணி அடித்தம். வீடு இருட்டாயிருந்தது. அம்மாவுக்குத் திடீரென ஷிப்ட் வந்திருக்கும் என்று பெர்னடெற் சொன்னா. அவவின் அம்மாவுக்கும் அப்படித்தான் வருமாம். இன்னொரு நாள் வாறம்.

அபிஷன்

நோர்பரி
29 நவம்பர்

அன்புள்ள அண்ணை,

ஷிப்ட் இல்லை. அம்மா புட்டும் இறால் குழம்பும் செய்து, விருந்தாளிகளுக்கான கோப்பைகளை எடுத்து வைத்திருந்தா. நீங்கள் இரண்டு பேரும் தெருமுனையில் வரும்போதே ஜன்னலால் கண்டா. கதவடிக்குப் போய்ப் பிடியில் கை வைத்தா. பிறகு திரும்பி வந்துவிட்டா.

"கதையில வந்த பிள்ளையை எனக்குத் தெரியும். உந்தத் தெருவில வாற ஆளைத் தெரியாது."

"ரெண்டும் ஒராள்தானம்மா."

"விளங்குது. ஆனா கதவைத் திறக்க ஏலாமக் கிடக்கு."

பிறகு என்னிடம் ஒன்று சொன்னா. நான் மறுக்கவில்லை. அண்ணியிடமும் இதை மறைக்க வேண்டாம். நீங்கள் மணி அடிக்க முன்னம் விளக்குகளை அணைத்தது நான்.

விதுஷா