பிரையர் வெளிக்கு யார் அனுமதி கேட்டது?

மார்ச் 4, செவ்வாய்
பல் டாக்டரிடம் போய்விட்டு பிரையர் வெளி வழியாக வந்தேன். டெரன்ஸ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் வெளியைக் காப்பாற்றும் குழுவுக்குச் செயலாளர். நாய்கூட வளர்க்காத மனிதருக்குப் புல்வெளி எதற்கு?

மார்ச் 10
நூலகத்தில் கூட்டம். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான எஸ்டேட்காரர்கள் வெளியில் அறுபது வீடு கட்டப் போகிறார்களாம். டெரன்ஸ் சட்டம் சொன்னார்: இருபது வருஷம் ஊரார் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு நிலத்தில் புழங்கியிருந்தால், அதை ஊர்ப் புல்வெளியாகப் பதிவு செய்யலாம். அப்புறம் அங்கே யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது. ஆனால் அனுமதி கேட்டு வாங்கியிருந்தால் போச்சு.

பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "யாராவது எஸ்டேட்டுக்கு லெட்டர் போட்டுக் கேட்டிருக்கீங்களா?"

பேக்கரி நைஜல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 11
அது என்ன கேள்வி? நம் ஆளுக்கு அது தெரிந்து என்ன ஆகப்போகிறது? எஸ்டேட்காரனுக்குத்தானே அது வேண்டும்!

மார்ச் 18
வாசலில் டெரன்ஸ். "வின்னி, கோடை விழாவெல்லாம் முன்ன நீங்கதானே நடத்தினீங்க? ஏதாவது பேப்பர் இருக்குமா?"

"ஞாபகமில்ல."

டீ கொடுக்கவில்லை. கொடுக்காமல் அனுப்பியது இதுதான் முதல்தடவை. நாள் முழுக்க மனசு கேட்கவில்லை என்று எழுதினால் பொய். ஒரு மணி நேரம்தான்.

மார்ச் 22
நைஜல் ரகசியமாகச் சொன்னார்: "அந்த ஆளு என்னையும் நோண்டுறான். எஸ்டேட் கையாளா இருப்பானோ?"

அதைத்தானே நானும் நினைக்கிறேன்! ஆனால் நைஜல் எனக்கு ஒரு பன் சும்மா கொடுத்தார். முப்பது வருஷத்தில் கொடுக்காத பன். இவருக்கு என்ன வந்தது?

ஏப்ரல் 2
அப்படி ஒரு கடிதமே இல்லை என்று காட்டி டெரன்ஸ் வாயை அடைக்க வேண்டும் என்று பரணில் ஏறிப் பழைய கோப்புகளைப் புரட்டினேன். 2009 ஜூன். என் கையெழுத்து. "கோடை விழாவை பிரையர் வெளியில் நடத்த அன்புகூர்ந்து அனுமதித்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்." கூடவே எஸ்டேட்டின் பதில்: தாராளமாக நடத்துங்கள்.

ஐயோ, என்னடி செஞ்சு வெச்சிருக்கே! வேலி இல்லை, பலகை இல்லை, யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை. கேட்காமல் போய் உட்காரக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 3
நகலை அடுப்பில் போடலாம். அசல் எஸ்டேட் அலமாரியில் இருக்குமே. இது டெரன்ஸுக்கு முன்பே தெரியுமோ? தெரிந்துதான் என்னை ஆழம் பார்த்தாரோ?

ஏப்ரல் 14
கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். துரோகி என்பார்கள் என்று காத்திருந்தேன்.

நைஜல் தொண்டையைக் கனைத்தார். "நானும் ஒண்ணு போட்டேன். பொண்ணு பிறந்தநாளுக்கு." பின்வரிசையில் ஒரு கை. பாட்டுக் குழுவில் ஒரு கை. பட்டம் விடுகிறவர்கள். மொத்தம் பதினோரு கடிதம்! ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்து மறைத்திருக்கிறார்கள்.

டெரன்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஊர்ல ஒருத்தர்கூட சும்மா போய் உக்காரலையா?"

"அப்போ இதுக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தீங்களா?"

"வேற எதுக்கு வின்னி? முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற வழி பாத்திருக்கலாம்."

இனி வேறு வழிக்கு நாள் இல்லையாம். அழுகை வந்தது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மே 6
புல்வெளிப் பதிவுக்குப் போட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. எஸ்டேட்காரர்கள் வெளியைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்.

மே 11, ஞாயிறு
யார் ஏற்பாடு என்று தெரியவில்லை. டெரன்ஸாகத்தான் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே புல்லில் உட்கார்ந்திருந்தது. நைஜல் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு ஏணி. பக்கத்தில் எஸ்டேட் காவலாள்.

"அம்மா, அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"இல்லப்பா. கேக்கவும் இல்ல."

அவன் போனை எடுத்தான். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.