எட்டு மார்க் போட்ட பள்ளி

நியூ ஆர்லியன்ஸ்,
ஜூன் 21

அன்புள்ள வெர்னெல்லுக்கு,

நானும் ஒடீலும் சுகம். குவைத் வெயிலில் ராணுவச் சமையல்கூடத்தில் அறுநூறு பேருக்கு முட்டை வேகவைக்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறோம்.

ஒடீலின் ஆறாம் வகுப்பு என்ன ஆயிற்று என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் "ஆயிட்டே இருக்கு" என்று மழுப்பினேன். இப்போது முழுசாக எழுதுகிறேன். திட்டுவதானால் கடைசி வரி வரை படித்துவிட்டுத் திட்டு. உன்கூட வேலை செய்யும் சார்லின் தன் பையனைச் சார்ட்டர் பள்ளியில் சேர்க்க வழி கேட்டாளாமே, அவளுக்கும் படித்துக் காட்டு. நான் முட்டிக்கொண்ட இடத்தில் அவளாவது முட்டாமல் போகட்டும்.

சார்ட்டர் பள்ளி என்றதும் பணக்காரப் பள்ளி என்று அவள் பயப்பட வேண்டாம். அரசாங்கப் பணத்தில் நடப்பதுதான், கட்டணம் கிடையாது. நடத்துவது மட்டும் தனிக் குழு. அதனால் ஒரு பள்ளியைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் பாண்டு வாத்தியம் இருக்கும், ஒன்றில் இருக்காது. நேரில் போய்ப் பார்க்காமல் பேர் எழுதக் கூடாது. நான் பஸ் டிப்போ வேலைக்கு லீவு போட்டு எட்டுப் பள்ளி பார்த்தேன். நம் பெண் ஹெரன் சந்துப் பள்ளியின் டிரம் அறையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. "அப்பா, இதுதான். வேற எதுவும் எனக்கு வேணாம்" என்றாள். காது மெஷின் மாட்டிய பிள்ளைக்கு டிரம் எதற்கு என்று உன் தங்கை ரமோனா கேட்டாள். அவளை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

இனிமேல்தான் என் வண்டவாளம். இடம் கொடுப்பது குலுக்கலில். விண்ணப்பத்தில் எட்டுப் பள்ளிகளின் பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் எண் போடச் சொல்லியிருந்தார்கள். கார்னிவல் நெருங்கிய சமயம். பன்னிரண்டு வருஷமாக ஊர்வல பாண்டுகளுக்கு மார்க் போடும் கை இது. நல்ல பாண்டுக்குப் பத்து, அபஸ்வரத்துக்கு ஒன்று. அதே கையோடு ஹெரன் பள்ளிக்கு எட்டு போட்டேன். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பாண்டே இல்லாத, பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக வேண்டிய பள்ளிக்கு ஒன்று போட்டேன். போட்டுவிட்டு மீசையை வேறு தடவிக்கொண்டேன்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. ஒன்று போட்ட பள்ளியே கிடைத்திருந்தது!

நேரே சேர்க்கை அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். குலுக்கலில் தில்லுமுல்லு என்றேன், பேப்பர்காரனைக் கூப்பிடுவேன் என்றேன். அங்கே மிஸ் டெல்ஃபீன் என்று ஒரு பெரியம்மா. நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துவிட்டு என் விண்ணப்பத்தை முன்னால் வைத்தாள். "தம்பி, நீ கேட்டதத்தானே குடுத்திருக்கோம்? ஒண்ணுன்னா முதல்ல வேணும்கறது. எட்டுன்னா வேற வழியே இல்லாட்டிதான்" என்றாள். நான் பாண்டு ஜட்ஜ் என்று சொன்னதும் வரிசையில் நின்றவர்கள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் வழி சொன்னாள். "இரண்டாம் சுற்றுல மறுபடி எழுது. காத்திருப்போர் பட்டியல்ல பேர் வரும். ஆனா கிடைச்ச இடத்த விட்டுடாத, அங்கயும் பதிஞ்சு வை. ஹெரன்லருந்து கூப்பிட்டா சொன்ன தேதிக்குள்ள போ, ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த பிள்ளைக்குப் போயிடும்." இதைச் சார்லின் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும்.

ஒடீலிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். நான் சொல்வது எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் காலையில்தான் வாயைத் திறந்தாள். "அடுத்த ஃபாரத்த நான் எழுதறேன், நீ கையெழுத்து மட்டும் போடு." ஹெரனுக்கு ஒன்று போட்டு அவளே எழுதினாள், காத்திருப்போர் பட்டியலில் பேரும் வந்தது.

போன திங்கட்கிழமை ஹெரன் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஒரு குடும்பம் ஊர் மாறிவிட்டதாம், ஒரு இடம், வெள்ளிக்குள் வர வேண்டுமாம். பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, முகவரிக்கு இரண்டு ரசீது, அவள் காதுக்காக வகுப்பில் என்னென்ன உதவி வேண்டும் என்று பழைய பள்ளி எழுதிக்கொடுத்த திட்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுநாளே போனோம்.

அங்கே அலுவலகத்தில் ஒருத்தி காகிதங்களைப் புரட்டினாள். திட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு எங்ககிட்ட வசதி கம்மிங்க. வேற பள்ளி இன்னும் பொருத்தமா இருக்குமே, யோசிச்சுப் பாருங்களேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்படிச் சொல்லவே கூடாது, வெர்னெல். குலுக்கலிலோ பட்டியலிலோ இடம் வந்த பிள்ளையை, உதவி தேவை என்பதற்காகத் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தராது. மிஸ் டெல்ஃபீன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனாலும் ஏற்கெனவே ஒரு தடவை சொதப்பியவன்தானே, மறுபடி கத்திக் காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

அப்போது நம் பெண் எழுந்து நின்றாள். "மேடம், என்னப் பத்திதானே பேசறீங்க? என்னையே கேளுங்க. இடது பக்கம் கேக்காது, வலது பக்கம் கேக்கும். முன் வரிசைல உக்காருவேன். டீச்சர் திரும்பிக்கிட்டுப் பேசினா கை தூக்குவேன். இது எல்லாம் அந்தப் பேப்பர்ல இருக்கு, படிச்சுப் பாருங்க. இடம் என்னோடது, நான் போக மாட்டேன்" என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தலைமை ஆசிரியர் வந்தார். காகிதத்தை நின்றபடியே படித்தார். அந்தப் பெண்ணிடம் "முத்திரை போடுங்க" என்றார். பிறகு ஒடீலின் வலது பக்கமாக வந்து நின்று, டிரம் பயிற்சி எந்தக் கிழமை என்று அவளிடமே சொன்னார்.

சேர்ந்துவிட்டாள். சேர்ந்தேவிட்டாள்! பஸ் டிப்போவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். நானா இவளைப் பெற்றேன் என்று ஆச்சரியமாக இருக்கிறது. நான் சேர்த்தேன் என்று சொல்லமாட்டேன். அவள்தான் சேர்ந்தாள்.

ஆகஸ்ட் ஐந்து பள்ளி திறக்கிறது. உன் லீவு பன்னிரண்டாம் தேதிதான் என்று தெரியும். ஆனால் முதல் நாளுக்குத் தலை பின்ன உன்னைத் தவிர வேறு யாரையும் தொடவிட மாட்டாளாம். ரமோனா வந்து கூப்பிட்டும் முடியாது என்றுவிட்டாள். பத்து நாள் முன்னால் விடுவார்களா என்று உன் மேலதிகாரியை நேராகப் பார்த்துக் கேள். பிள்ளைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கென்ன, நான் எப்படியும் சமாளித்துக்கொள்வேன். காலை ஏழு மணிக்குப் பள்ளி. ஆறு மணிக்கே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

வந்துவிடு, வெர்னெல்.

உன்,
லூசியன்