டிரம்முக்குள் நமுத்துப்போகாத பொரி

அன்னூர் தோட்டம்,
திங்கள் மதியம்.

அன்பு மகன் கிருபாசங்கருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடு லட்சுமியும் புது வாழைக்கன்றுகளும் கருப்பராயன் புண்ணியத்தில் சுகம். நீயும் மருமகளும் பேத்தி லோகப்பிரியாவும் அந்த நார்வே மழையில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னை முழுதாகப் பேச விடுவதில்லை, பாதியிலேயே "விட்டுருங்கம்மா, அந்தப் பெட்டியை மூடிரலாம்" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

போன தடவை வந்தபோது நீயும் லோகுவும் பாறை ஓரத்தில் ஒளித்துவைத்துவிட்டுப் போனீர்களே, போனில் வழி பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்கிற அந்த ஜியோகேஷ் விளையாட்டுப் பெட்டி, அது வந்ததிலிருந்து நம் காட்டுக்கு யார் யாரோ வருகிறார்கள். போனை விளக்குப்போல முன்னால் நீட்டிக்கொண்டு, தரையைப் பார்க்காமல், தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி சோளத்தட்டுக்கு நடுவே வருவார்கள். பெட்டியைத் திறந்து, நோட்டில் பெயர் எழுதி, ஒரு சாமானை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்து, மூடி ஒளித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெயிலில் அவ்வளவு தூரம் வருகிறார்களே என்று நான் நாலு எள்ளுருண்டை உள்ளே வைத்தேன். தின்கிற சாமான் வைக்கக் கூடாது என்று நீ பிறகு சத்தம் போட்டாய். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற பழக்கம் பக்கத்துத் தோட்டத்து உன் சித்தி பூவாத்தாளுக்குத்தான் உண்டு, எனக்கு இல்லை. காட்டுப்பன்றிக்கு எள் வாசம் பிடிக்கும் என்று யார் கண்டது. மூடியைக் கடித்து உடைத்துவிட்டது, அன்றே மழையும் கொட்டி நோட்டு, லோகுவின் ஒற்றைக் கம்பளிக் கையுறை, அவள் வரைந்த மயில் எல்லாம் நனைந்துபோயின. மயிலைத் துணிக்கொடியில் காயப்போட்டு எடுத்தேன், வால் மட்டும் கொஞ்சம் கரைந்துவிட்டது. கார்த்திகைக்குள் நல்ல பெட்டியாக மாற்றாவிட்டால் கம்ப்யூட்டரில் இருந்தே எடுத்துவிடுவார்கள் என்று உனக்குத் தாக்கல் வந்ததும், எனக்கு வயதாகிவிட்டது, பாறையில் ஏறக் கூடாது என்று நீ மூடச் சொன்னதும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கண்ணு, லோகு ஞாயிற்றுக்கிழமை போனை வாங்கினால் என்னிடம் தமிழில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அப்பத்தா, பெட்டி நனையலையே?" அவ்வளவுதான், பிறகு சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அந்தப் பெட்டி போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு என்னிடம் கேட்க என்ன இருக்கிறது, நீயே சொல்.

அதனால் நானே பெட்டி தேடினேன். பெயிண்ட் வாளி ஆகாது, இழுத்துத் திறக்கத் திறக்க மூடி தளர்ந்துவிடும். அலுமினியப் பால் கேன் பழைய இரும்புக்காரன் கண்ணில் பட்டால் மறுநாள் இருக்காது. சாயப்பட்டறை டிரம்மைக் கழுவிக் கழுவி என் கைதான் நீலமானது, பிள்ளைகள் கை வைக்கிற பெட்டிக்கு அது வேண்டாம். சிங்காநல்லூருக்கே பஸ் ஏறிப் பழைய டிரம் விற்கிற அப்துல் கையூம் கடைக்குப் போனேன். "ஏனுங்கம்மா, தண்ணி புடிக்கறதுக்குங்களா?" என்று கேட்டார். தண்ணி உள்ளே வராம இருக்கறதுக்குங்க என்றேன். "எல்லாரும் தண்ணி வெளிய போகாத டிரம் கேப்பாங்க, நீங்க தலைகீழா கேக்கறீங்களே" என்று சிரித்துவிட்டு, மாம்பழக்கூழ் வந்த டிரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு குடம் கொள்ளும், கை முழுதாக நுழைகிற அகல வாய், மூடியைச் சுற்றி இறுக்க இரும்பு வளையம், பிடித்துத் தூக்க இரண்டு பக்கமும் காது. எறும்பு வராமல் இருக்கப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தேன்.

நனையுமா நனையாதா என்று பார்க்க உள்ளே ஒரு தட்டில் பொரி வைத்து மூடி, மாட்டுத் தொட்டியில் அமுக்கினேன். உள்ளே செங்கல் அடுக்கியும் மிதந்தது, ஆட்டுக்கல் குழவியை மேலே ஏற்றினேன். மறுநாள் எடுத்தால் பொரி நமுத்து, வாயில் போட்டால் துணியை மெல்லுகிற மாதிரி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பூவாத்தாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன் கல்யாணத்தில், நான் மயில்கழுத்துப் பட்டு உடுத்தி மணவறைக்கு வலப்பக்கம் நின்றபோது, மூன்று பேர் காதில் விழ "நூல்சேலைக்குச் சாயம் போட்டதாட்ட இருக்குது" என்று சொன்னாளே, அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சில்லை என்று உனக்குத் தெரியும். அவள் மறந்திருப்பாள். அந்த மூன்று பேர் யார் யார் என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. அவளும் என்னிடம் பேசுவதில்லை, சொல்ல வேண்டியதைத் தன் நாயைப் பார்த்துச் சொல்வாள். அன்றும் "டேய் மணி, பொரியைத் தண்ணீல ஊறவெச்சுத் திங்கற ஊட்டை எங்கியாச்சும் பாத்திருக்கியாடா?" என்றாள். நான் மாட்டைப் பார்த்து, "பட்டுக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க பொரியைப் பத்திப் பேசறாங்கடி லட்சுமி" என்றேன். அவள் வேலிக்கு மேலே எட்டி டிரம் மூடியைப் பார்த்தாள். பிறகு நாயிடம், "மூடிக்குள்ள இருக்கற ரப்பர் காஞ்சு வெடிச்சுக் கெடக்குது, வேற வெட்டிப் போடோணும்னு தெரியலியாடா உனக்கு" என்று சொல்லி, மோட்டார் ரூமிலிருந்து பழைய லாரி டியூப் ஒன்றை வேலிக்கு மேலே வீசிவிட்டுப் போனாள். மாடு எடுக்காது, நான்தான் எடுத்தேன்.

டியூபை மூடி அளவுக்கு வளையமாக வெட்டி, விளக்கெண்ணெய் தொட்டுத் தடவி, இரும்பு வளையத்தை இறுக்கி மறுபடி அமுக்கினேன். அது தண்ணீருக்கு அடியில் கிடந்த மதியம் முழுக்கத் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். மேகம் தொட்டிக்குள் நகர்ந்தது. டிரம்மும் மேகத்துக்குள் கிடக்கிற மாதிரி இருந்தது, நானும் அதற்குள் உட்கார்ந்து மேலே மழை பெய்கிற சத்தத்தை மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. வானத்தில் சுற்றுகிற யந்திரங்கள்தான் போனுக்கு வழி காட்டுகின்றன என்று நீ சொன்னாய். அவை உங்கள் ஊர்ப் பனியையும் எங்கள் தொட்டியையும் ஒரே கண்ணால் பார்க்குமா, பார்க்கும்போது இரண்டுக்கும் நடுவே இருக்கிற கடல் ஒரு கை அகலம்தான் தெரியுமா என்றெல்லாம் நினைத்துக்கொண்டே கண் சொக்கிவிட்டது. விழித்தபோது மாடு என் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. பொரியை எடுத்துக் கடித்தேன், மொறுக்கென்றது.

பெட்டி தயார், இடம்தான் இல்லை. பழைய பெட்டி இருந்த பாறை இடுக்கில் இவ்வளவு பெரிய டிரம் நுழையாது. தண்ணீர் நிற்காத பொந்து ஒன்று பத்தடி தள்ளி இருக்கிறது, அது பூவாத்தாள் பங்குப் பாறை. நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது என்பது உங்கள் விளையாட்டின் சட்டம் என்றாய். அவளிடம் போய்க் கேட்பதா என்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியை நினைத்தேன், மாட்டைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரம் போனேன். "லட்சுமி, நம்ம லோகு பெட்டியை அந்தப் பாறைப் பொந்துல வெச்சா ஆருக்கும் தொந்தரவில்லீல்ல?" என்று உரக்கக் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "மணி, பாறை எங்கியும் ஓடிப்போயராது, வெக்கறவங்க வெச்சுக்கட்டும்" என்றாள். இது சம்மதம்தான் கிருபா, நிலத்துக்காரி வாயால் சொன்னது என்றே எழுதிவிடு.

கேட்பாரில்லாத டிரம்மைப் பார்த்து வெடிகுண்டோ என்று யாரும் பயந்துவிடக் கூடாது என்று வெளியே பெரிதாக "விளையாட்டுப் பெட்டி" என்றும் என் போன் நம்பரும் எழுதினேன். உள்ளே ஈரம் இழுக்க அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து போட்டேன், புது நோட்டு, கையுறை, மயில், அவ்வளவுதான், எள்ளுருண்டை இல்லை. தூக்கிக்கொண்டு பாறையில் ஏறும்போது கால் வழுக்கியது. நான் விழவில்லை, நீ பதறாதே. எந்தப் பக்கம் இருந்து வந்தாளோ, பூவாத்தாள் டிரம்மின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மெதுவாங்க!" என்றாள். நாய் அங்கே இல்லை. மாடும் இல்லை. ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். செங்கல் வைத்து, வாய் சற்றுக் கீழே சரிகிற மாதிரிச் சாய்த்துப் படுக்கவைத்து, பனையோலையால் மூடினோம். இறங்கும்போது "மழை வந்தா நான் ஒரு எட்டுப் பாத்துக்கறனுங்க" என்றாள். சரி என்றேன். அதற்காக அந்தச் சேலைப் பேச்சை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே, அது அப்படியேதான் இருக்கிறது. பெட்டியைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்.

மருமகளை ரொம்ப வேலை வாங்காதே. வெந்நீர் குடி. கம்ப்யூட்டரில் பெட்டி நன்றாக இருக்கிறது என்று கடிதம் கிடைத்த அன்றைக்கே எழுதிவிடு, மறக்காதே. ஆனால் லோகுவிடம் மட்டும் நனையவில்லை என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அவளே என்னிடம் கேட்கட்டும்.

மூன்று பேரும் நீடூழி வாழ, தலையில் கை வைத்து வாழ்த்தும்
உன் அம்மா,
மாசாணியம்மாள்.