கோபி மாமா கேட்ட ஊறுகாய்

அம்மா,

இன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாக ஊறுகாய் கேட்டார். குறை என்று ஒன்றும் சொல்லவில்லை, அவர் சுபாவம் அது. எனக்குத்தான் சந்தேகம் வந்து, அரிசிம்பருப்புச் சாதத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். நான் உப்பே போட்டிருக்கவில்லை. பிசைந்த சோறும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதம்மா. நீங்கள் போய் ஏழு மாதம் ஆன பிறகு.

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் உக்கடத்து வாடகை வீட்டில் நாம் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் தமிழ் பேசும் சூப்பர்ஹீரோ வருவான். எனக்காகப் பார்ப்பதாகச் சொல்வீர்கள். நான் தூங்கிப்போனாலும் நீங்கள் பார்க்காமல் விடமாட்டீர்கள். ஒரு வாரம் அவனைப் போலவே ஒரு கெட்டவன் வந்தான். அதே முகம், அதே அங்கி. அவனுடைய அம்மா மகன்தான் என்று நம்பிக் கதவைத் திறந்து சோறு போட்டாள். உங்களுக்கு வந்ததே கோபம்!

"மூஞ்சியப் பாத்து நம்பிப்போட்டா பாரு. ஒரு கேள்வி கேட்டிருக்கோணுமல்ல?"

அந்தக் கோபத்தோடு குக்கரை வைத்ததில் உப்பை மறந்தீர்கள். மத்தியானம் கோபியிலிருந்து மாமா வந்தார். மூன்று தடவை ஊறுகாய் வாங்கிக்கொண்டு, "சோறு அருமைங்க அக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அப்புறம் நாம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது.

"இதையே நம்ம ரகசியக் கேள்வியா வெச்சுக்கலாம் கண்ணு. என்னையாட்டமே ஒருத்தி வந்தா, மாமா எதுக்கு மூணு தடவை ஊறுகா கேட்டாங்கன்னு கேளு. நானும் உன்னைய அதத்தான் கேப்பேன். யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மறந்துதான் போனேன்.

போன வருடம் உங்களுக்கு மறதி நோய் வந்தது. முகம் தெரியும், ஆனால் அது தன் ஆள்தான் என்று மனம் ஒப்பாது என்றார் டாக்டர். அது ஏன் எனக்கு மட்டும் என்று இப்போதும் ஆத்திரமாக வருகிறது. நர்ஸ் ஊட்டினால் வாங்கிக்கொண்டீர்கள். நான் தட்டை எடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பினீர்கள். "எம்புள்ளையாட்டமேதான் இருக்கறீங்க. ஆனா நீங்க அவ இல்லீங்க" என்றீர்கள்.

ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தீர்கள். முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது.

"ஏனுங்க, கோபி மாமா எதுக்கு மூணு தடவை ஊறுகா கேட்டாங்க?"

ஏதோ பிதற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"மாமாவுக்கு ஊறுகான்னா உசுருங்ம்மா. வாயத் தெறங்க."

அந்த ஆசை உங்கள் முகத்தைவிட்டுப் போனதைப் பார்த்தேன். காரணம் தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கை கூப்பினீர்கள்.

"எம்புள்ளைய எங்க வெச்சிருக்கறீங்க? அவ பசி தாங்க மாட்டாளுங்க. இந்தச் சோத்த அவளுக்குக் குடுத்துப்போடுங்க."

தட்டை நங்கென்று வைத்துவிட்டு வெளியே போனேன். பத்தே நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். கடைசிவரை என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை.

பெற்ற மகளைத் தள்ளிவிட்டீர்கள் என்றுதான் இத்தனை நாளும் அழுதேன். எல்லாம் மறந்த பிறகும் அந்த ஒரு கேள்வியை நீங்கள் விடாமல் வைத்திருந்தது இன்றுதான் புரிந்தது. என்னைக் கண்டுபிடிக்கத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

இவர் உப்பு டப்பாவை எடுத்து வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததை அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.

சோத்துல உப்பு இல்லீங்ம்மா. அதுக்குத்தானுங்க மாமா கேட்டாங்க. நாந்தானுங்ம்மா.